தூக்கி எறிவதை நிறுத்த எத்தனை குடம் தண்ணீர் வேண்டும்?

வடசென்னை வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பெயர் துணி வெளுத்தவர்களால் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்து, அலசி, வெட்டவெளியில் விரித்துக் காயவைத்த குடும்பங்கள் இருந்த இடம். தாராளமான தண்ணீரும் தாராளமான வெளியும் இல்லாமல் அந்தத் தொழில் நடந்திருக்காது. இன்றைக்கு அதே பேட்டையில் ஒரு லைன் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு குடும்பத்துக்கு ஒரு அடிபம்பு, ஒரு கழிப்பறை, மொட்டைமாடியில் ஆளுக்கு ஒரு கொடி. அங்கே பிறந்த குழந்தைக்கு டயப்பர் வேண்டாம், துணி கட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். தண்ணீர் பிடிக்கிறவருக்குத்தான் கணக்கு தெரியும்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருள் எதுவானாலும், வீட்டில் இல்லாத ஏதோ ஒன்றின் இடத்தை அது நிரப்புகிறது. டயப்பரும் நாப்கினும் தண்ணீருக்கும் வெயிலுக்கும் பதில். ஒரு ரூபாய் ஷாம்பு, மொத்தமாக எடுத்துக் கொடுக்கக் கையில் இல்லாத காசுக்குப் பதில். கறுப்புக் குப்பைப் பை, பக்கெட் கழுவும் நேரத்துக்குப் பதில். பொருளை நிறுத்துவதற்கு முன் அது எதற்குப் பதிலாக இருந்தது என்று பார்த்து, அதற்கு வழி செய்ய வேண்டும். செய்யாமல் ஆரம்பித்தவர்கள் மூன்றாவது வாரம் மறுபடி கடைக்குத்தான் போவார்கள். இதில் மன உறுதிக்கு வேலை குறைவு. குடத்துக்கும் கொடிக்கும்தான் வேலை.

சட்டம் தன் பங்குக்கு எப்போதோ வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள்களுக்குத் தடை: கேரி பேக், உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், ஸ்ட்ரா, தண்ணீர் பாக்கெட் என்று பட்டியல் போகும். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் மத்திய அரசின் தடை. ஆனால் டயப்பர், நாப்கின், சாஷே எனும் ஒருவேளைச் சின்னப் பாக்கெட், பால் பாக்கெட் இவை எதுவும் மாநிலத்தின் அந்தப் 14-இல் இல்லை. வீட்டுக் குப்பையில் தினமும் வந்து விழுபவையோ இவைதான். மாநகராட்சியின் 1 முதல் 8 வரையுள்ள மண்டலங்களின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொடுங்கையூரில், 350 ஏக்கரை ஒட்டிய கிடங்கில் குவிந்து வந்திருக்கிறது. திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் எல்லாம் அதில் அடக்கம். வடசென்னைக்காரர் வீசுவது வடசென்னையிலேயே நிற்கிறது.

டயப்பர்: முதலில் தண்ணீர்க் கணக்கு

பிறந்த குழந்தை முதல் சில மாதங்களில் நாளைக்குப் பத்து, பன்னிரண்டு முறை நனைக்கும். அன்றைய துணி துவைப்பில், நேற்றையது கொடியில், இன்னொரு செட் கையில் என்று வைத்தால் 30 துணியாவது வேண்டும். இதற்குக் கடையில் விற்கும் பட்டன் வைத்த துணி டயப்பரை 30 வாங்கினால் கட்டுப்படியாகாது. வீட்டில் இருக்கும் பழைய நாலு முழ வேட்டி போதும். சுமார் 2 மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டர் அகலம். நீளவாக்கில் நான்காக, அகலவாக்கில் இரண்டாக வெட்டினால் எட்டுத் துண்டு. நாலு வேட்டியில் 32. புது வேட்டி என்றால் கட்டுவதற்கு முன் மூன்று நான்கு தடவை துவைத்துவிட வேண்டும். கஞ்சி போகாத துணி ஈரத்தை உறிஞ்சாது. மூத்திரம் துணிமேல் வழிந்து பாயை நனைக்கும். 'துணி ஒத்து வரல' என்று முதல் நாளே கைவிடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

துவைக்க எவ்வளவு தண்ணீர் ஆகும்? ஒரு பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர். பத்துத் துணிக்கு: மூத்திரம் போக முதல் அலசல் ஒரு குடம், சோப்பில் ஊறவைத்துத் துவைக்க ஒரு குடம், சோப்புப் போக இரண்டு அலசலுக்கு இரண்டு குடம். ஆக நாலு குடம், 60 லிட்டர், தினமும். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற தெருவில் இந்த நாலு குடம் பெரிய விஷயம். மாடிப்படி ஏறும் வீடென்றால் யாருடைய இடுப்பில் ஏறப்போகிறது என்பதும் கேள்வி. பெரும்பாலும் பிரசவித்து ஆறு வாரம்கூட ஆகாத பெண்ணின் இடுப்பில், இல்லாவிட்டால் அவளுடைய அம்மாவின் இடுப்பில். இதைக் கணக்கில் சேர்க்காத அறிவுரை எதுவும் அறிவுரை இல்லை.

அடுத்தது, எந்தத் தண்ணீர் என்பது. கொருக்குப்பேட்டை, காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமும். கடினத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதற்கு முன்பே அதிலுள்ள கால்சியத்துடன் சேர்ந்து பிசுபிசுப்பான வெள்ளைக் கசடாகிவிடும். நுரை வரவில்லையே என்று இன்னும் சோப்பு போடுவோம். கசடு இன்னும் கூடும். அந்தக் கசடு நூலுக்குள் உட்கார்ந்து, துணி காய்ந்ததும் அட்டை மாதிரி விறைக்கும். உறிஞ்சுவதும் குறையும். குழந்தையின் தொடை இடுக்கில் சிவப்பும் கிளம்பும். பழி துணிமேல் விழும், குற்றவாளி தண்ணீர். வழி என்னவென்றால், முதல் அலசலையும் துவைப்பையும் போர்த் தண்ணீரில் முடித்துவிட்டு, கடைசி ஒரு அலசலை மட்டும் மெட்ரோ தண்ணீரில், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீரில் போடுவது. நாலு குடத்தில் ஒன்றுதான் நல்ல தண்ணீர் என்றால் தாங்கும். சோப்பு குறைவாகப் போடுங்கள், வாசனை வரும் துணி மிருதுவாக்கித் திரவம் வேண்டவே வேண்டாம். அது நூல்மேல் ஒரு படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். கிருமிநாசினித் திரவத்தைத் தினமும் ஊற்றுவதும் தோலுக்கு ஆகாது. வாரம் ஒருநாள் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் போதும்.

காயவைப்பதில்தான் பலர் தப்புச் செய்கிறார்கள். கடையில் விற்கும் துணி டயப்பரின் உள்ளே வைக்கும் திண்டு நாலைந்து அடுக்காகத் தைத்தது. ஏப்ரலில் அது மூன்று மணி நேரத்தில் காயும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாளானாலும் நடு அடுக்கு ஈரமாகவே இருக்கும், முகர்ந்தால் தெரியும். பிரிக்கக்கூடிய ஒற்றைத் துணிக்கு இந்தத் தொல்லை கிடையாது. வேண்டுமளவு மடித்துக் கட்டலாம், விரித்துப் போட்டால் மின்விசிறிக் காற்றிலேயே இரவுக்குள் காய்ந்துவிடும். கொஞ்சம் ஈரம் மிச்சம் இருந்தால் இஸ்திரி. பாட்டி காலத்து வேட்டித் துணி கடைப் பொருளை வெல்லும் இடம் இது. மழைக்காலத்தை மனதில் வைத்துப் பார்த்தால் பழசு என்று அதை ஒதுக்க முடியாது.

எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் இன்னொரு வம்பு. அனல் மின் நிலையச் சாம்பல் காற்றில் வரும் நாள்களில் வெளியே போட்ட வெள்ளைத் துணி சாயங்காலத்துக்குள் சாம்பல் பூத்துவிடும். குழந்தைத் துணியை அங்கே ஜன்னலுக்கு உட்புறம், வெயில் விழும் இடத்தில் கட்டுவதே மேல். வெளியே போட்டே ஆக வேண்டுமென்றால் எடுத்தவுடன் நன்றாக உதறாமல் மடிக்கக் கூடாது. கடலோரத்தில் சாயங்காலத்துக்குமேல் கொடியில் விட்ட துணி உப்புக் காற்றில் மறுபடி பிசுபிசுக்கும். மூன்று, நாலு மணிக்குள் எடுத்துவிட வேண்டும்.

முழுவதுமாக நிறுத்தியே தீர வேண்டும் என்று யாரும் பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. பகலில் துணி, ராத்திரிக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் ஒரு டயப்பர் என்று வைத்தாலே, நாளைக்கு ஐந்து போட்ட வீட்டில் ஒன்றாகிவிடும். அதுவே ஐந்தில் நாலு பங்கு குறைவு. தாயும் தூங்குவாள்.

மாதவிடாய்: கூச்சத்துக்கும் ஒரு கொடி வேண்டும்

நாப்கினை விடுவதில் தண்ணீர்ச் சிக்கல் சின்னது. துணி நாப்கின் நாளைக்கு நாலு. துவைக்க ஒரு குடத்துக்குள் அடங்கும். பச்சைத் தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, கையால் பிழிந்து, அப்புறம் சோப்பு. வெந்நீர் ஊற்றினால் ரத்தத்திலுள்ள புரதம் இறுகிக் கறை நிலைத்துவிடும். ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் நாற்றமும் கிருமியும்தான் மிச்சம்.

சிக்கல் காயவைப்பதில். பத்துக் குடும்பம் பார்க்கும் மாடியில் இதை எப்படித் தொங்கவிடுவது என்று, பாவாடைக்கு அடியிலோ சேலைக்கு அடியிலோ ஒளித்துக் காயப்போடுவார்கள். அடியில் போனது காயாது. அரைகுறையாய்க் காய்ந்த துணியை மறுபடி வைத்தால் அரிப்பும் தொற்றும் வரும். துணி நாப்கின் உடம்புக்குக் கெடுதல் என்று பேச்சு வருவதில் பெரும்பங்கு இந்த ஒளிப்பினால்தான். வட்டமாகக் கிளிப் தொங்கும் ஹேங்கர் ஒன்று வாங்கி, ஜன்னல் கம்பியில் வெயில் பக்கம் மாட்டி, வெளியே தெரியும் பக்கத்தில் மட்டும் மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றைக் கிளிப் போடலாம். ஒற்றை அடுக்குப் பருத்தி என்றால் காற்றும் சூடும் உள்ளே போகும். பாலியஸ்டர் துப்பட்டா என்றால் போகாது. இங்கேயும் தைத்த தடித்த நாப்கினைவிட, விரித்துப் போடக்கூடிய துணியை உறைக்குள் மடித்து வைக்கும் வகைதான் மழைக்குத் தாங்கும்.

உடலுக்குள் வைத்து ரத்தத்தைப் பிடிக்கும் சிலிகான் கப் இந்தக் கொடிப் பிரச்சினையை ஒரேயடியாகத் தீர்க்கிறது. ஒன்று நன்றாக வைத்துக்கொண்டால் பல வருடம் வரும், தினப்படி துவைப்பும் இல்லை. ஆனால் லைன் வீட்டில் அது வேறொரு முடிச்சைப் போடுகிறது. பொதுக் கழிப்பறையில் உள்ளே தண்ணீர்க் குழாய் இருக்காது, வாசலில் அடுத்தவர் நிற்பார். கை கழுவாமல் கப்பைத் தொடக் கூடாது. எனவே சோப்பால் கை கழுவிவிட்டு, கால் லிட்டர் பாட்டிலில் குடிக்கிற தண்ணீரோடு உள்ளே போக வேண்டும். கப்பின் அடியை விரலால் அமுக்கிக் காற்றுப் பிடிப்பை விடுவித்த பிறகே இழுக்க வேண்டும். நேராக வாலைப் பிடித்து இழுத்தால் வலிக்கும், சிந்தும். கழிப்பறையில் கொட்டி, பாட்டில் தண்ணீரால் அலசி, மறுபடி மடித்து வைக்கலாம். உள்ளே முழுதாக விரியவில்லை என்றால் ஓரம் வழியாகக் கசியும். விரலால் சுற்றித் தடவிப் பார்த்தால் மடிப்பு தெரியும். ரத்தப்போக்கு எவ்வளவு குறைவானாலும் கப்பை 12 மணி நேரத்துக்குமேல் உள்ளே விடக் கூடாது. காலையில் வீட்டில் ஒருமுறை, வேலை முடிந்து வந்ததும் ஒருமுறை என்று இடைவெளி பிடித்துக்கொண்டால் வெளியிடத்துக் கழிப்பறையை நம்ப வேண்டியதில்லை. அதிகப் போக்குள்ள முதல் இரண்டு நாள் மட்டும் கூட ஒரு துணி வைத்துக்கொள்ளலாம். காப்பர்-டி போட்டிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

மாதவிடாய்க்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும் என்பதில்தான் வீட்டில் சண்டை வரும். 'அடுப்புல அதையா வைக்கப் போற?' என்று மாமியார் கேட்பார். தனியாக ஒரு பழைய டம்ளர் வைத்துக்கொள்வது பாதித் தீர்வு. மீதி, எல்லோரும் தூங்கிய பிறகு வைப்பது. அப்படி வைத்துவிட்டு மறந்துபோய், தண்ணீர் வற்றிக் கப் அடியில் ஒட்டிக் கருகுவதுதான் வழக்கமாக நடக்கும் விபத்து. டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, கப்பை ஒரு டீ வடிகட்டிக்குள் போட்டு இறக்கினால் அடியைத் தொடாது.

இன்னும் நாப்கின்தான் என்பவர்கள் அதைச் சாக்கடையிலோ கழிப்பறையிலோ போடாமல் இருந்தால் அதுவே பெரிய உபகாரம். உள்ளே இருக்கும் உறிஞ்சும் தூள் தண்ணீரைக் குடித்துப் பலமடங்கு ஊதும், குழாய் அடைக்கும், அதை எடுக்க ஒரு மனிதர் அழைக்கப்படுவார். காகிதத்தில் சுற்றி மேலே சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தால் தூய்மைப் பணியாளர் அதைக் கையால் பிரித்துப் பார்க்க வேண்டியிராது. சுற்றுவதற்கான உறையை நாப்கின் கம்பெனியே கூடக் கொடுக்க வேண்டும் என்று 2016-இன் திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். பாக்கெட்டில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ஈரமான சரக்குக்கு மஞ்சப்பை ஆகாது

துணிப் பை வெங்காயத்துக்குச் சரி. காசிமேட்டில் ஒரு கிலோ நெத்திலி வாங்கினால் ஐஸ் உருகிய தண்ணீர் பஸ் ஏறுவதற்குள் சொட்டும். ஒருமுறை மீன் நீர் இறங்கிய துணிப் பை எத்தனை துவைத்தாலும் வாடை விடாது; அப்புறம் அதில் காய்கறி வாங்க மனம் வராது. கவரை விட முடியாமல் போவது பெரும்பாலும் இந்த ஈரச் சரக்குகளில்தான்: மீன், கறி, மாவு, சாம்பார், டீ. இதற்குப் பாத்திரம்தான் வழி. ஒயர்கூடைக்குள் மூடி போட்ட ஐந்து லிட்டர் எவர்சில்வர் தூக்கு. பெயின்ட் பக்கெட்டைக் கழுவி எடுத்துப் போகாதீர்கள். அது உணவுக்கான பிளாஸ்டிக் இல்லை.

எடை போடும்போது தகராறு வராமல் பார்த்துக்கொள்வது எளிது. "அண்ணா, மொதல்ல தூக்கை வெச்சு ஜீரோ பண்ணிடுங்க" என்று சொன்னால் போதும். எலெக்ட்ரானிக் தராசில் அதற்கென்றே ஒரு பட்டன் உண்டு. காலிப் பாத்திரத்தை வைத்து அதை அமுக்கினால் எடை பூஜ்யத்துக்கு வரும். கைத்தராசு என்றால் தட்டில் எடை போட்ட பிறகு தூக்கில் கொட்டச் சொல்லுங்கள். மீனை மார்க்கெட்டிலேயே கூலி கொடுத்து வெட்டி வாங்குவது இன்னொரு லாபம்: செதிலும் குடலும் அங்கேயே தங்கிவிடும், வீட்டுக் குப்பை வாளி நாறாது. தலையை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குழம்புக்கு வேண்டாம் என்றால் தெருப் பூனைக்கு ஆகும்.

இட்லி மாவுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறு, ஒரு கிலோவுக்குச் சரியாக ஒரு கிலோ தூக்கு எடுத்துப் போவது. புளிக்கிற மாவு பொங்கும். வெயிலில் நடந்து வருவதற்குள் மூடியைத் தள்ளும். மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கிற பாத்திரம் வேண்டும்.

பார்சல் உணவில் பார்க்கக் காகிதமாகத் தெரிவது பெரும்பாலும் காகிதம் இல்லை. ஓட்டல் இட்லி, குருமா வரும் பளபளக்கும் 'சில்வர் கவர்' பிளாஸ்டிக் படலம் ஒட்டியது. டீக் காகிதக் கப்பின் உட்புறமும் மெல்லிய பாலிஎத்திலீன். அது இல்லாவிட்டால் டீ ஊறி வெளியே வந்துவிடும். துணி மாதிரியே தெரியும் வண்ணப் பைகள் பாலிபுரோப்பிலீன் நாரை அழுத்திச் செய்தவை, தடைப் பட்டியலிலும் இருக்கின்றன. ஓரத்தில் ஒரு இழையைக் கிள்ளித் தீக்குச்சியில் காட்டினால் உருகி உருண்டையாகும். பருத்தி என்றால் சாம்பலாகும். 'மக்கும் பிளாஸ்டிக்' என்று அச்சடித்த கவருக்கும் மயங்க வேண்டாம். சான்றிதழ் உள்ள நல்ல ரகம்கூட 58 டிகிரியை ஒட்டிய சூட்டில் இயங்கும் உரக்கூடத்தில்தான் ஒழுங்காக மக்கும். வீட்டுத் தொட்டியிலோ பக்கிங்ஹாம் கால்வாயிலோ மற்ற கவர் மாதிரியேதான் கிடக்கும்.

டீக்கு ஃபிளாஸ்க். அரை லிட்டரில் டீக்கடைக் கிளாஸ் அளவில் ஐந்து டீ வரும். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவாவிட்டால் அதன் இடுக்கில் பால் புளித்து அடுத்த நாள் டீயைக் கெடுக்கும். 'ஃபிளாஸ்க் சரியில்லை' என்று அதை மூலையில் போடுவார்கள். பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ எனும் பர்மா நூடுல்ஸ் பார்சல் வாங்குகிறவர்களுக்கு இரண்டு பாத்திரம் வேண்டும்: நூடுல்ஸுக்கு வாயகன்ற டப்பா, வாழைத்தண்டு சூப்புக்கு இறுக்க மூடும் தூக்கு. கூட்ட நேரத்தில் சூப்பை முன்னதாகவே கவரில் கட்டி வைத்திருப்பார்கள். அரைமணி முன்னால் போனால் அண்டாவிலிருந்து ஊற்றி வாங்கலாம்.

காய்ந்த சரக்குக்கான பை பற்றி ஒன்றே ஒன்று. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதல் கணக்கில் ஒரு புதுப் பருத்திப் பை சாதாரண மெல்லிய கவரைவிட மேலாக வேண்டுமென்றால் அதை 131 முறை பயன்படுத்த வேண்டும். பருத்தி விளைவிக்கத் தண்ணீரும் உரமும் நிறையச் செலவாகிறது. எனவே மஞ்சப்பை இயந்திரத்தில் மறந்த நாளெல்லாம் 10 ரூபாய் போட்டு வீட்டில் நாற்பது பை சேர்ப்பதில் லாபமில்லை. பழைய பேன்ட் காலில் தைத்த பை நாலு இருந்தால் போதும்: ஒன்று வண்டி சீட்டுக்கு அடியில், ஒன்று ஆபீஸ் பையில், இரண்டு கதவுக் கொக்கியில். வீட்டுக்குள் மடித்து அலமாரியில் வைத்த பை கடைக்கு வராது.

ஒரு ரூபாயின் தர்க்கம்

சாஷே தமிழ்நாட்டுச் சரக்கு. கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்ற யோசனைதான் பிறகு நாடெங்கும் போனது. தினக்கூலி வாங்கும் வீட்டுக்கு அது பொருந்தியதால்தான் போனது. பாட்டில் வாங்கினால் மில்லிக்கு மலிவு என்று சொல்வோம். நூற்றைம்பது ரூபாய் ஒரே நாளில் ஷாம்புவுக்குப் போனால் அன்றைய மீன் போச்சு. பாட்டில் இருந்தால் பிள்ளைகள் இரண்டு மடங்கு ஊற்றுவார்கள். சாஷே அளவைக் கட்டிப்போடுகிறது. இந்த இரண்டு வேலையையும் செய்யும் மாற்றுத்தான் நிற்கும்.

ஷாம்புவுக்கு அப்படியொன்று மில்லில் அரைத்த சீயக்காய். ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, 100 கிராம் வெந்தயம், நன்றாகக் காய்ந்த எலுமிச்சைத் தோல் ஒரு கைப்பிடி. வெயிலில் இரண்டு நாள் மொறுமொறுவெனக் காயவைத்து அரைக்க வேண்டும். ஈரம் இருந்தால் மில்காரர் திருப்பி அனுப்புவார், அனுப்பாவிட்டால் டப்பாவில் பூச்சி வரும். சீயக்காயின் நுரைப்பொருள் சோப்பைப் போலக் கடினத் தண்ணீரில் கசடாகாது. போர்த் தண்ணீருக்கு ஏற்றது. ஆனால் தூள் தலையிலிருந்து போக ஷாம்புவைவிட ஒரு வாளி கூடுதலாகக் கேட்கும். மறுபடியும் தண்ணீர்.

சாஷேயின் உறை பல அடுக்குப் படலம். அதைக் காயலான் கடையில் எடுக்க மாட்டார்கள். பால் பாக்கெட் அப்படியில்லை. அது ஒரே வகைப் பாலிஎத்திலீன், காசு கிடைக்கும். இரண்டு நிபந்தனை. மூலையை வெட்டும்போது அந்தத் துணுக்கு தனியாக விழாமல் ஒட்டியபடி விட வேண்டும். துணுக்கு பொறுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது, நேராகச் சாக்கடைக்குப் போகும். உடனே அலசிக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். அந்த அலசிய நீரைப் பால் பாத்திரத்திலேயே ஊற்றலாம். காய்ந்ததை ஆணியில் குத்திச் சேர்த்து மாதம் ஒருமுறை போடுவது.

ட்ரைசைக்கிளில் வரும் சோப் ஆயில், பினாயில்காரரிடம் பழைய பாட்டிலில் ஊற்றி வாங்குவது நல்ல வழக்கம். ஒரே ஆபத்து, குடிதண்ணீர் பாட்டில். ஒற்றை அறையில் பினாயிலும் தண்ணீரும் ஒரே மாதிரி பாட்டிலில் அருகருகே நின்றால் ஒருநாள் குழந்தை குடித்துவிடும். இதற்கென்று வேறு வடிவ, நிறமுள்ள கேன் வைத்து உயரத்தில் வையுங்கள்.

பாத்திரம் தேய்க்கத் தேங்காய் நாரோ பீர்க்கங்காய் நாரோ போதும். நான்ஸ்டிக்கில் மட்டும் தேங்காய் நார் கீறும். ஈரத்தோடு சிங்க்கில் விட்டால் எதுவானாலும் வழுவழுத்துவிடும், ஆணியில் மாட்டுங்கள். மூங்கில் டூத்பிரஷ் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. வருடத்துக்கு நாலு பிரஷ் இந்த வீட்டின் பிரச்சினை கிடையாது.

கவரில்லாத குப்பை வாளி

கறுப்புப் பையை நிறுத்தினால் வாளி நாறும் என்ற பயம் நியாயமானதே. நாற்றத்துக்குக் காரணம் நீர். காய்கறித் தோலையும் மிச்சச் சோற்றையும் சிங்க்கில் ஓட்டைத் தட்டில் பத்து நிமிடம் வடியவிட்டுப் பிறகு வாளியில் போட்டால் பாதி நாற்றம் போய்விடும். அடியில் இரண்டு தாள் நாளிதழ். பேட்டரி வண்டி வந்து போனதும் அரிசி கழுவிய கழனித் தண்ணீரால் வாளியைக் கழுவிக் கவிழ்த்தால் நல்ல தண்ணீர் செலவில்லை. வண்டி ஒருநாள் வராவிட்டால்தான் கஷ்டம். அன்றைக்கு மேலே ஒரு கை காய்ந்த மண்ணோ தேங்காய் நார்த்தூளோ தூவி மூடுங்கள். மாடி உள்ளவர்கள் தொட்டியில் உரம் போடலாம். ஈரக்கழிவு ஒரு பங்கென்றால் காய்ந்த இலை, நார்த்தூள் இரண்டு பங்கு. இது குறைந்தால்தான் புழு. மீன், கறி மிச்சத்தைத் தொட்டியில் போட்டால் பெருச்சாளி வரும்.

எப்போது ஆரம்பிப்பது என்பதும் முக்கியம். பலர் தீபாவளி சமயத்தில், வீடு ஒழிக்கிற உற்சாகத்தில் துணிக்கு மாறி, அடுத்த வாரமே மழையில் மாட்டிக்கொள்கிறார்கள். தை பிறந்ததும் மாறினால் முழுசாக எட்டு, ஒன்பது மாத வெயில் கிடைக்கும், வழக்கம் படிந்துவிடும். புரட்டாசிக்குள் அறைக்குள் மின்விசிறிக்கு நேர்கீழே ஒரு கொடி கட்டிவிடுங்கள், குழந்தைத் துணியில் பத்துத் துண்டு கூடுதலாக வெட்டி வையுங்கள். புயல் அறிவிப்பு வந்து கரண்ட் போகும் நாளுக்கு ஒரு சின்னப் பாக்கெட் டயப்பர் அலமாரி மேல் இருக்கட்டும்.